கிடாரத்துக்குக் கரண்ட் கொடுக்கையில் விடும் பிழைகள்

இஞ்சிப் பானம், நெல்லி ரசம் என்று கொஞ்சம் பெரிய அளவில் காய்ச்ச, 30 லீற்றர் எவர்சில்வர் கிடாரத்தின் அடிப்பக்கத்தில் துளையிட்டு ஹீட்டர் எலிமென்ட் பூட்டுவது கஷ்டமான வேலை இல்லை. ஒழுகாமல் ரப்பர் வாஷர் இறுக்கினால் பாதி வேலை முடிந்தது. மற்றப் பாதியில்தான், அதாவது கரண்ட் கொண்டு வருவதில்தான், உயிர் போகிற பிழைகள் நடக்கின்றன.

அதில் முதலாவது, “எர்த் அடித்திருக்கு, பயமில்லை” என்ற நினைப்பு. வன்னியில் எங்கள் வீடுகளுக்கு லைனோடு சேர்ந்து எர்த் வருவதில்லை. வளவுக்குள் நாங்கள் அடிக்கிற கம்பிதான் எர்த். அதன் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரியில் ஊறிக் கிடக்கிற வன்னி மண் ஆவணியில் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அப்போது இந்தத் தடை இன்னும் கூடும். எலிமென்ட் வெடித்து லைன் கிடாரத்தில் பட்டால், கம்பி வழியே மண்ணுக்குள் ஓடக்கூடியது 230ஐ 20ஆல் பிரித்தால் வருகிற 11.5 ஆம்பியர்தான். அளவுக்கு மிஞ்சி கரண்ட் ஓடினால் மட்டும் விழுகிற 16 ஆம்பியர் எம்.சி.பிக்கு அது வழமையான லோட், அசையாது. கிடாரத்தின் உடம்பில் ஏறக்குறைய முழு 230 வோல்ட்டும் நிற்க, ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒருவர் வந்து மூடியைத் திறப்பார்.

இதைத் தடுப்பது 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச், அதாவது ஆர்.சி.சி.பி; போன கரண்ட் முழுவதும் திரும்பி வராமல் அந்த அளவு வெளியே கசிந்தாலே விழுந்து லைனை வெட்டுகிற சுவிட்ச். எர்த் இருந்தால், கசிவு தொடங்கிய உடனேயே, ஆள் தொடுவதற்கு முன்னரே அது விழும். எர்த் இல்லாவிட்டால் ஆள் தொட்ட பிறகுதான் விழும். ஆகவே இரண்டும் வேண்டும். எர்த் வயரை எலிமென்ட்டின் நட்டோடு விட்டுவிடாமல், கிடாரத்தின் உடம்பிலேயே தனி போல்ட் போட்டு, பல்வாஷரோடு இறுக்குங்கள். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள்.

“அடிக்கடி விழுது” என்று ட்ரிப் சுவிட்சைக் கழற்றி நேரடியாக லைன் கொடுப்பவர்களும் உண்டு. இதைவிட மோசமான வேலை இந்த விஷயத்தில் இல்லை. பெரும்பாலும் எலிமென்ட்டுக்குள் ஈரம் ஏறியிருக்கும். நுனிகளின் சீல் போனால் உள்ளே இருக்கிற வெள்ளைத் தூள் ஈரத்தை இழுக்கும். மல்டிமீற்றரில் இரண்டு முனைக்கும் இடையில் 2000 வாட்ஸ் எலிமென்ட் ஏறத்தாழ 26 ஓம் காட்ட வேண்டும், 3000 வாட்ஸ் என்றால் 17 அல்லது 18. ஒரு முனைக்கும் வெளிக்குழாய்க்கும் இடையில் எதுவுமே காட்டக்கூடாது. ஏதாவது காட்டினால் தூக்கி எறியுங்கள். ஒன்றும் காட்டாமலும் சிலது கசியும்; 500 வோல்ட் மெகர் (கசிவைச் சோதிக்கிற மீற்றர்) வைத்திருக்கிற வயரிங்காரரிடம் கொடுத்தால் சரியாகப் பார்க்கலாம்.

அடுத்தது பிளக். 3000 வாட்ஸ் இழுப்பது 13 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக்குக்கு அது அளவாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். கேத்தில் 5 நிமிடம்தான் ஓடும். கிடாரம் மணிக்கணக்கில் ஓடும். 20 நிமிடம் ஓடவிட்டு, சுவிட்சை நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனைகளில் கைவைக்க முடியாத சூடு, அடியில் மண்ணிற வளையம், மீன் வாடை மாதிரி ஒரு மணம் இருந்தால் அந்தப் பிளக்கும் சொக்கெட்டும் இரண்டுமே முடிந்தன. பிளக்கில் போடுவதென்றால் 2000 வாட்ஸோடு நில்லுங்கள். 25 லீற்றர் கிணற்றுத் தண்ணீர் 30 பாகையிலிருந்து கொதிக்க 2 யூனிட் கரண்ட் போகும்; அதாவது ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும். அவசரப்படுகிறவர்கள் 3000 வாட்ஸுக்கு டி.பி போர்டிலிருந்து (வீட்டு எம்.சி.பிகள் இருக்கிற பெட்டி) தனி லைன் இழுக்க வேண்டும்: 7/0.85 வயர் (0.85 மில்லிமீற்றர் இழை ஏழு), 20 ஆம்பியர் எம்.சி.பி, லைனையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுகிற 20 ஆம்பியர் சுவிட்ச். எக்ஸ்டென்ஷன் கோட் கூடவே கூடாது, அதிலும் சுருட்டி வைத்தபடி.

வயர் நுனிக்கு ஈயம் பற்றவைத்து ஸ்குரூவில் இறுக்குவது ‘பக்காவான வேலை’ போலத் தெரியும். ஈயம் அமுக்கத்தில் மெல்ல மெல்ல நசியும், ஸ்குரூ தளரும், தளர்ந்த இடம் எரியும். வயர் நுனியில் நசித்துப் பிடிப்பிக்கிற கிரிம்ப் லக்தான் சரி. எலிமென்ட்டை ஒட்டிய கடைசி ஒரு அடிக்குச் சாதாரண பி.வி.சி வயரும் தாங்காது. சிலிக்கன் உறை போட்ட வயர் எடுங்கள். முனைகளை மூடி போட்ட பெட்டிக்குள் வையுங்கள். பெட்டிக்குள் போகுமுன் வயர் கீழே தொங்கி மேலே ஏறட்டும். வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

லைன் முடிவில் இருக்கிற வீடுகளில் இரவு வோல்ட்டேஜ் 190க்கு இறங்கினால் பயப்படத் தேவையில்லை. எலிமென்ட் தண்ணீர் மோட்டார் மாதிரி இல்லை, கூடுதலாக இழுத்து எரியாது. 3000 வாட்ஸ் 2050க்குக் குறையும், கொதிக்க நேரம் எடுக்கும், அவ்வளவுதான். மாறாக, வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த 120 வோல்ட் எலிமென்ட்டை 230இல் போட்டால் ஏறக்குறைய நான்கு மடங்கு சக்தி பாயும்; சீக்கிரமே கருகிவிடலாம்.

கரண்ட் போனதும் ஜெனரேட்டருக்கு மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறிய ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்காது. அப்படியானால் கசிவு திரும்பிப் போக வழியில்லை, ட்ரிப் சுவிட்ச் விழாது; டெஸ்ட் பொத்தான் வேலை செய்வதைப் பார்த்து ஏமாறவேண்டாம். கொதிக்க வைக்கிறதைக் கரண்ட் வந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

சூட்டை அளவாக வைக்க எஸ்.எஸ்.ஆர் (எலக்ட்ரோனிக் ரிலே சுவிட்ச்) பூட்டினால், அதன் சூட்டை வெளியேற்றுகிற அலுமினிய ஹீட்சிங்க்கோடு பூட்டுங்கள். 13 ஆம்பியரில் அது 15 வாட்ஸ் அளவில் சூடாகும். பழுதானால் பெரும்பாலும் ‘ஓன்’ நிலையிலேயே நின்றுவிடும், நிற்பாட்டிய பிறகும் சிறிது கசியவிடும். அதை நம்பிக் கிடாரத்தில் கை வைக்காமல், மெயின் சுவிட்சை நிற்பாட்டிவிட்டுத்தான் தொடுங்கள்.

எங்கள் கிணறுகளின் உவர்த் தண்ணீரில் எலிமென்ட்டில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கி எலிமென்ட் வெடிக்கும். வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ விட்டு ஒரு இரவு ஊறவைத்தால் கழன்று வரும். சீனியைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் எலிமென்ட்டில் ஒட்டிக் கருகும். சுவிட்சை நிற்பாட்டி, சீனியைக் கரைத்து, பிறகு சுவிட்சைப் போடுங்கள். பனங்கட்டிப் பாகு போன்றவற்றுக்கு விறகடுப்பே மேல். எலிமென்ட்டுக்கு மேல் குறைந்தது 5 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்காமல் சுவிட்சைப் போடாதீர்கள், வடிக்கிறதற்கு முன் நிற்பாட்டி 5 நிமிடம் விட்டுக் குழாயைத் திறங்கள்.