உயிரியல் மெஷ்: தியேட்டருக்குப் புதிதாக வரும் டொக்டர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் எங்கள் தியேட்டருக்கு வரும் இளம் டொக்டர்கள், பெரிய குடலிறக்கத்தோடு சீழும் இருந்தால் உடனே "உயிரியல் மெஷ் வைப்போமா சேர்?" என்பார்கள். அவசரம் வேண்டாம். மெஷ் என்பது குடலிறக்க ஓட்டையைத் தைக்கும்போது வயிற்றுச் சுவருக்குப் பலமாக வைக்கும் வலை. பன்றித் தோல், மாட்டின் இதய உறை போன்றவற்றிலிருந்து உயிரணுக்களை நீக்கிக் கொலாஜனை மட்டும் மிச்சம் வைத்ததுதான் உயிரியல் மெஷ். விலையோ சாதாரண பொலிபுரொப்பிலீன் (பிளாஸ்டிக்) மெஷ்ஷை விடப் பல மடங்கு. 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், குடல் திறந்து ஓரளவு அழுக்கான வயிறுகளில் இரண்டு வருடத்துக்குள் குடலிறக்கம் திரும்பியது உயிரியல் மெஷ்ஷில் 20.5 சதவீதம், சாதாரண மெஷ்ஷில் 5.6 சதவீதம். அதனால் சீழ் பிடித்த பழைய மெஷ்ஷை எடுக்கும்போது, அதுவும் வேறு வழி சரிவராதபோதுதான் நான் இதைத் தேடுவேன்.

சம்மதத்தை முதல் நாளே வாட்டில் வாங்குங்கள். மாடு என்றால் எங்கள் சைவக்காரர் சிலருக்கு மனம் ஒப்பாது. பன்றி என்றால் முஸ்லிம் நோயாளிகள் யோசிப்பார்கள். எதிலிருந்து செய்தது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

நோயாளி சுருட்டுக் குடிப்பதை நான்கு வாரம் முன்பே நிறுத்தவேண்டும். "ஒன்றிரண்டுதான் டொக்டர்" என்று ஐயா சொன்னால் அம்மாவிடமும் கேளுங்கள். சீனி வருத்தக்காரருக்கு எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8 சதவீதத்துக்குக் கீழே வரட்டும். சிடி ஸ்கானில் ஓட்டையின் அகலத்தை அளந்து வையுங்கள்.

சத்திரசிகிச்சையில் முக்கியம் மெஷ் அல்ல, தசை. ரெக்டஸ் தசையின் (வயிற்றின் முன்பக்கம் நடுக்கோட்டின் இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடும் தசை) பின்னுறையைப் பிரித்து, அதை நடுவில் தைத்து மூடி, அதன் மேல், தசைக்குக் கீழே மெஷ்ஷை விரியுங்கள். ஓட்டையின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றராவது போகவேண்டும். உயிரியல் மெஷ் நாளாக நாளாக இளகும். ஆகவே மடிப்பு விழாமல் இழுத்து, மெதுவாகக் கரையும் நூலால் தையுங்கள். பிறகு முன்பக்கத் தசையை நடுக்கோட்டில் சேர்த்துத் தையுங்கள். சேராவிட்டால் பக்கவாட்டுத் தசையடுக்கை விடுவித்துப் பாருங்கள். இடைவெளியை மெஷ்ஷால் மட்டும் பாலம் போட்டு மூடினால் வயிறு மறுபடி புடைக்கும், நிச்சயம் திட்டு வாங்குவீர்கள்.

உலர்ந்த மெஷ் என்றால் சலைனில் ஊறவேண்டும். எவ்வளவு நேரம் என்பது பெட்டியிலேயே இருக்கும். மெஷ்ஷின் மேல் டிரெயின் (நீரை வெளியே வடிக்கும் குழாய்) ஒன்று வையுங்கள், வடிவது நாளொன்றுக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறைந்த பின் எடுக்கலாம். அப்புறம் தோலுக்கடியில் நீர் கட்டினால் பயப்படவேண்டாம். சிவப்பும் காய்ச்சலும் இல்லாவிட்டால் ஊசி குத்தாமல் விட்டுப் பாருங்கள்.