டிஜிட்டல் ஆம்ப் உள்ள சின்ன மியூசிக் சிஸ்டம்: வேலூர் வீடுகளில் நான் பார்க்கும் தவறுகள்

சத்துவாச்சாரியில் என் சித்தி வீட்டு மியூசிக் சிஸ்டம் மே மாதம் முழுக்க மதியத்தில் நின்று நின்று போனது. காலையில் பக்திப் பாட்டு ஒழுங்காகப் பாடும். சாப்பிட்டு முடித்துச் சித்தப்பா கச்சேரி போட்டால் அரை மணியில் சத்தம் அடங்கிவிடும். "சர்வீஸுக்குக் கொடுத்துடலாமாப்பா?" என்று சித்தி போனில் கேட்டதும் நேரில் போனேன். சுவர் ஷோகேஸில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் செட். அதன் தலையில் சித்தி கையாலேயே பின்னிய குரோஷா துணி. துணியைத் தூக்கி மேல் மூடியில் உள்ளங்கையை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. காற்று போகும் துளைகள் அத்தனையும் அந்தத் துணிக்கு அடியில்தான் இருந்தன.

டிஜிட்டல் ஆம்ப் (பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) சூடாகாது என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அது பாதிதான் உண்மை. பழைய கிளாஸ் ஏபி ஆம்ப், நாம் வீட்டில் கேட்கும் அளவில் ஓடும்போது, வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகத்தான் விடும். டிஜிட்டல் ஆம்ப் என்று விற்கும் கிளாஸ் டி வகை முழுச் சத்தத்தில் ஓடினால் சுமார் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே போய்ச் சேரும். அந்தத் தைரியத்தில்தான் சூட்டை வாங்கி வெளியே விடும் பெரிய அலுமினிய ஹீட்சிங்க்கை எடுத்துவிட்டு, சி.டி., வைஃபை, ஆம்ப், பவர் சப்ளை எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைக்கிறார்கள். மிஞ்சும் வெப்பம் கொஞ்சம்தான். ஆனால் அது வெளியேற அந்தத் துளைகளை விட்டால் வேறு வழி கிடையாது. கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும்போது மூடிய ஷோகேஸுக்குள் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நின்றது. அப்படி நிற்காத செட்டுக்கும் பாதிப்பு உண்டு. உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி சூடு கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மேலே ஒரு சாண், பின்னால் ஒரு கை அளவு இடம் விட்டுத் திறந்த பலகையில் வையுங்கள்.

அடுத்த தவறு வாங்கும்போதே நடக்கிறது: வாட்ஸ் பார்த்து வாங்குவது. டூ இன் ஒன் காலத்தில் அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்ச வாட்ஸ்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்களே, அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சம்தான் தெரியும். சாதாரணமான ஒரு ஸ்பீக்கர் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் சுமார் 86 டெசிபெல் கொடுக்கும். 10 வாட்ஸ் கொடுத்தால் அது 96 ஆகிவிடும், பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். நம் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 30 வாட்ஸ் தாராளம். எண்ணைப் பார்ப்பதானால் அதன் பக்கத்தில் எத்தனை சதவீதச் சிதைவில் அளந்தது என்பதையும் பாருங்கள். 10 சதவீதச் சிதைவில் அளந்து போட்ட வாட்ஸில், அந்த அளவுக்கு ஏற்றிக் கேட்டால், பாட்டு பிசிறடிக்கும்.

டிஜிட்டல் என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. கிளாஸ் டி என்பதில் உள்ள 'டி' டிஜிட்டலைக் குறிப்பதில்லை. ஏ, பி, சி என்று வந்த வரிசையில் அடுத்த எழுத்து, அவ்வளவுதான். உள்ளே டிரான்சிஸ்டர்கள் சுவிட்ச் மாதிரி நொடிக்குச் சில லட்சம் தடவை திறந்து மூடும். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதில்தான் இசை இருக்கிறது. கடைசியில் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அந்தத் துடிப்புகளை வடிகட்டிப் பாட்டாக்கும். சோனியின் எஸ்-மாஸ்டர், டெக்னிக்ஸின் ஜெனோ போன்றவை சி.டி.யில் வரும் எண்களைக் கடைசிவரை எண்களாகவே வைத்துக்கொள்கிற வகை. இப்படிப்பட்ட செட்டை வாங்கிவிட்டுப் பலர் போனின் ஹெட்போன் துளையிலிருந்து ஏ.யூ.எக்ஸ்.ஸுக்கு ஒயர் இழுக்கிறார்கள். எண்ணாக இருந்த பாட்டைப் போன் அலையாக மாற்றும், செட் திரும்பவும் அதை எண்ணாக மாற்றும். எதற்கு இந்தச் சுற்றுவழி? யு.எஸ்.பி., வைஃபை, சி.டி. வழியாக நேராகக் கொடுங்கள். எப்போதும் ப்ளூடூத்திலேயே கேட்பதும் எனக்கு வருத்தம்தான். சி.டி.யில் நொடிக்கு 1,411 கிலோபிட் வருகிறது. ப்ளூடூத் பாட்டைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்.பி.சி. முறையில் வருவது சுமார் 328 கிலோபிட்.

ஒயர் விஷயத்தில் தயவுசெய்து கவனம். ஹாலில் பைப் போட்டு ஒயர் இழுக்கும்போது, செலவு மிச்சம் என்று எலெக்ட்ரீஷியன் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே கறுப்பு ஒயரைப் பொதுவாகக் கொடுத்துவிடுவார். பழைய செட்டில் பெரும்பாலும் அது ஓடியது. டிஜிட்டல் ஆம்ப் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடும், அது எர்த் கிடையாது. இரண்டு மைனஸையும் சேர்த்துக் கட்டினால் ஆம்ப் போய்விடலாம். ஸ்பீக்கருக்குத் தனித்தனி இரண்டு ஒயர் கட்டாயம். கூடவே வந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பரணில் கிடக்கும் பழையதை மாட்டுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. ஆம்பில் துடிப்புகளை வடிகட்டும் காயில், கெப்பாசிட்டரைக் கூட வந்த ஸ்பீக்கரின் ஓம்ஸ் (மின்தடை) கணக்குக்குத்தான் போட்டிருப்பார்கள். ஓம்ஸ் மாறினால் சில செட்டுகளில் மேல் ஸ்தாயி கூசும், அல்லது மங்கும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் சேர்த்து மாட்டினால் 2 ஓம்ஸ் ஆகி ஆம்ப் திணறும்.

ஆனால் இத்தனையையும் விடப் பெரிய தவறு, அறையை மறந்துவிடுவது. நம் ஊர் ஹாலில் தரை டைல்ஸ், நாலு பக்கமும் சிமென்ட் சுவர், திரைகூட இல்லாத ஜன்னல். கை தட்டிப் பாருங்கள், 'டிங்' என்று திரும்பி வரும். வேலப்பாடியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மிருதங்கப் பைத்தியம். 2004-இல் சங்கீத கலாநிதி பெற்ற வேலூர் ஜி. ராமபத்ரன் வாசிப்பைத்தான் எந்தச் செட்டிலும் முதலில் போடுவார். புதுச் செட்டில் தொப்பி (மிருதங்கத்தின் இடது பக்கம்) கேட்கவே இல்லை, ஏதோ தண்ணி டிரம்மைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று மனம் நொந்துபோனார். ஸ்பீக்கர் இரண்டும் சுவர் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன, ரிமோட்டில் பேஸ் பூஸ்ட் வேறு போட்டிருந்தது. மூலையில் வைத்த ஸ்பீக்கரின் தாழ்ந்த ஒலியைச் சுவர்கள் பெருக்கிவிடும். தொப்பியின் கார்வை அடுத்த அடிமேல் போய் விழும்.

பேஸ் பூஸ்டை நிறுத்தினோம். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் கொண்டுவந்து, ஒன்றுக்கொன்று ஆறடி தள்ளி, காது உயரத்துக்கு ஸ்டூல் போட்டு வைத்தோம். அவர் நாற்காலியும் இரண்டிலிருந்தும் ஆறடி. தரையில் பழைய ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை. மறுபடி அதே பதிவு. இடது கையின் கும்கி நாதம் இழுத்து மேலே ஏறி நின்றதும் அவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். செலவு என்று பார்த்தால் திரைத் துணிக்கு ஆனதுதான்.

சின்னச் சின்னதாகச் சில. டி.வி.யிலிருந்து ஆப்டிகல் ஒயர் மாட்டியும் சத்தம் வரவில்லை என்றால், டி.வி.யின் ஆடியோ செட்டிங்கில் பி.சி.எம். (சுருக்காத சாதாரண ஒலி) என்று மாற்றுங்கள். இந்த வகைச் செட் பலவற்றுக்கு டால்பி புரியாது. பென் டிரைவைப் படிக்கவில்லையா? ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து பாருங்கள். டி.ஏ.பி. என்ற டிஜிட்டல் வானொலி உண்டு என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், நம் நாட்டில் அந்த ஒலிபரப்பு கிடையாது. வீட்டில் பெரியவர்கள் மத்திய அலை ரேடியோ கேட்பவர்களானால் செட்டிலிருந்து அதைத் தள்ளி வையுங்கள். ஆம்பின் அந்தச் சுவிட்ச் வேகம் ரேடியோவில் இரைச்சலாக விழலாம்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் செட் ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் வீட்டுக்கு ஒன்று இருக்கும். துபாயில் வாங்கியதானால் வோல்டேஜ் ஒத்துப்போகும், ப்ளக்தான் வேறு. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. நம்முடையது 230. பின்னால் ஒட்டிய லேபிளில் 100-240 என்று இல்லாவிட்டால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ப்ளக்கைச் சொருகவே கூடாது. இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையாக இருக்கட்டும். கோடை மழைக்கு இடி இறங்கும் சாயங்காலங்களில் கரண்ட் ப்ளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பின்னால் இருக்கும் இன்டர்நெட் கேபிளையும், எஃப்.எம். ஆன்டெனா மொட்டைமாடி வரை போகிறதென்றால் அதையும் கழற்றுங்கள். இடி மின்சாரம் அந்த ஒயர்கள் வழியாகவும் உள்ளே வரும்.