கணினிப் பொறியியல் ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியலை வாசிக்கும் முறை

ஆய்வு வழிகாட்டியைத் தேடும் மாணவரும் சரி, விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் தேர்வுக் குழுவினரும் சரி, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் ஓர் ஆய்வாளரின் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் மேற்கோள் எண்ணிக்கை (அவருடைய கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை குறிப்பிட்டுள்ளன என்பது), அதிலிருந்து கணக்கிடப்படும் எச்-சுட்டெண், ஐ10-சுட்டெண் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு மூடிவிடுவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. அந்த எண்களைக் கடைசியில் பார்ப்பதே நல்லது. முதலில் பார்க்க வேண்டியது கட்டுரைப் பட்டியல்.

பட்டியல் அவருடையதுதானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தலைப்பெழுத்தும் ஒற்றைப் பெயருமாக எழுதும் நம்மவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்கத் தேவையில்லை: ஒரே ஆள் ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்தை முன்னால் வைத்திருப்பார், இன்னொன்றில் அதையே விரித்துக் குடும்பப் பெயர்போல் பின்னால் எழுதியிருப்பார். கூகுள் ஸ்காலர் தானாகவே கட்டுரைகளைச் சேர்க்கும்படி விட்டிருந்தால், அதே பெயருடைய வேறொருவரின் மருத்துவக் கட்டுரையும் உள்ளே வந்துவிடலாம். ஒவ்வோர் ஆய்வாளரையும் தனியே அடையாளம் காட்ட 2012 முதல் வழங்கப்பட்டுவரும் 16 இலக்க ஆர்கிட் எண் இருந்தால் அதைக் கொண்டும், ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் தொடங்கப்பட்ட டிபிஎல்பி என்னும் கணினி அறிவியல் நூற்பட்டியலைக் கொண்டும் தலைப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, கட்டுரைகள் எங்கே வெளிவந்தன என்பதைக் கவனியுங்கள். பிற துறைகளிலிருந்து வருவோர் தடுமாறும் இடம் இதுதான். பல அறிவியல் துறைகளில் ஆய்விதழே முதன்மையானது, மாநாடு கூடிப் பேசும் இடம் மட்டுமே. கணினிக் கட்டமைப்பிலோ இஸ்கா, மைக்ரோ, ஆஸ்ப்ளோஸ் போன்ற மாநாடுகள் முழுக் கட்டுரைகளைச் சக ஆய்வாளர்களின் கடுமையான மதிப்பீட்டுக்கு உட்படுத்தி, வந்தவற்றுள் பெரும்பகுதியை நிராகரிக்கின்றன. எனவே ஆய்விதழ்க் கட்டுரைகளை மட்டும் எண்ணினால் ஒருவரின் சிறந்த உழைப்பே கணக்கிலிருந்து விடுபட்டுப் போகலாம். அதே சமயம் மாநாட்டுக் கட்டுரையை விரித்து ஆய்விதழில் வெளியிடுவதும் இத்துறையில் ஏற்கப்பட்ட வழக்கமாகும். ஆகவே ஒத்த தலைப்பில் இரண்டு கட்டுரைகள் இருந்தால் அதை ஏமாற்று என்று எண்ணாமல், ஒரே ஆய்வின் இரு வடிவங்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வரிசையையும் பாருங்கள். பொதுவாக முதற்பெயர் அதிகம் உழைத்தவருடையது, கடைசிப் பெயர் குழுத்தலைவருடையது. கோட்பாட்டுக் கணினியியலில் அகரவரிசையே வழக்கம்.

இனி எண்களுக்கு வரலாம். இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-சுட்டெண்ணைக் கணக்கிட, கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின்படி இறங்குவரிசையில் அடுக்கி, வரிசை எண்ணைவிட மேற்கோள் குறையாமல் இருக்கும் கடைசி இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 50, 20, 9, 6, 5, 3 என்றிருந்தால் சுட்டெண் 5. 900, 300, 4, 3, 2 என்றிருந்தால் 3 மட்டுமே; துறையையே திருப்பிய ஒரு கட்டுரையை எழுதியவர் இங்கே பின்தங்கிவிடுகிறார். ஐ10 என்பது குறைந்தது 10 மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை, அவ்வளவே. ஆய்வேடுகளையும், மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் இடப்படும் முன்வரைவுகளையும் சேர்த்து எண்ணும் கூகுள் ஸ்காலரில் எண்கள் பெரும்பாலும் ஸ்கோபஸ் என்னும் மேற்கோள் தரவுத்தளத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதால், ஒருவரின் ஸ்காலர் எண்ணை இன்னொருவரின் ஸ்கோபஸ் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

மிக அதிகம் மேற்கோள் பெற்ற மூன்று நான்கு கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றை யார், எதற்காக மேற்கோள் காட்டினார்கள் என்று பார்ப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. கணினியின் வடிவமைப்பை மென்பொருளிலேயே இயக்கிப் பார்க்க உதவும் ஜெம்5 என்னும் பாவனைக் கருவியைப் பற்றி 2011இல் வந்த கட்டுரை ஏழே பக்கம், வெளிவந்ததும் ஏ.சி.எம். என்னும் கணினியியலாளர் அமைப்பின் ஒரு சிறப்புக் குழு நடத்தும் செய்தி இதழில்தான். ஆயினும் அக்கருவியைப் பயன்படுத்துவோர் அனைவரும் அதைக் குறிப்பிடுவதால் ஆயிரக்கணக்கான மேற்கோள்களைப் பெற்றிருக்கிறது. இது துறைக்குச் செய்த பெருந்தொண்டு. ஆனால் புதிய கருத்து ஒன்றுக்குக் கிடைத்த மேற்கோளிலிருந்து வேறுபட்டது. பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீள்பார்வைக் கட்டுரைகளும் இவ்வாறே எளிதில் மேற்கோள் சேர்க்கும். பின்வந்த ஆய்வாளர் தம் வடிவமைப்பை எதனோடு ஒப்பிட்டு அளந்தாரோ, அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த ஒரு மேற்கோள், முன்னுரையில் பத்தோடு பதினொன்றாக அடைப்புக்குறிக்குள் கிடைக்கும் பல மேற்கோள்களைவிட எடை கூடியது என்பது என் கருத்து. ஒருவர் தம் கட்டுரையையே குறிப்பிடும் சுயமேற்கோள் இருப்பது குற்றமல்ல, தொடர் ஆய்வில் அது இயல்பு. பெரும்பகுதி அதுவாகவே இருந்தால் மட்டும் கேள்வி எழுப்புங்கள்.

கடந்த ஆண்டு வந்த கட்டுரையைப் பத்தாண்டுப் பழமையான கட்டுரையோடும், சுற்று வடிவமைப்பாளரை இயந்திரக் கற்றல் ஆய்வாளரோடும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். குறிப்பு எழுதும்போது ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; அடுத்த மாதம் குழு கூடும்போது அந்த எண் மாறியிருக்கும்.