‘ஈவ்ஸ்ட்ராப்’ என்ற சொல்லைப் படம் வரைந்து கற்பிப்பது எப்படி?

ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு மாணவி, “ஒட்டுக்கேட்பதற்கு ஏன் ஈவ்ஸ்ட்ராப் என்று பெயர்?” என்று கேட்டாள். ‘ட்ராப்’ என்றால் விழுதல், பேச்சு காதில் விழுவதால் அந்தப் பெயர் என்று சொல்லிவிட்டேன். அவளும் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்தபோதுதான் தெரிந்தது: விழுந்தது பேச்சு அல்ல, மழைநீர். மறுநாள் வகுப்பில் தவறைச் சொல்லி, கரும்பலகையில் ஒரு வீட்டை வரைந்தேன். அன்றிலிருந்து இந்தச் சொல்லை இப்படித்தான் கற்பிக்கிறேன்.

சரிவான கூரையுள்ள வீடு ஒன்றை வரையுங்கள். கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கட்டும். அந்த நீட்டம்தான் ‘ஈவ்ஸ்’, தமிழில் இறவாரம். அதன் விளிம்பிலிருந்து தரைவரை மழைத்துளிகளைப் புள்ளிபுள்ளியாக இறக்குங்கள். புள்ளிகளுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள தரைக்கு நிழலிடுங்கள். சொல் பிறந்த இடம் இதுதான். 868ஆம் ஆண்டைச் சேர்ந்த, இங்கிலாந்தின் கென்ட் பகுதிச் சாசனம் ஒன்றில், கூரைநீர் சொட்டுவதற்கு இரண்டடி இடம் விடுவது பற்றி வருகிறது. அங்கே இந்தச் சொல்லின் பழைய வடிவம் இருக்கிறது. காதுக்கு அதில் வேலையே இல்லை. இதைச் சொல்லும்போது அவசரப்படாதீர்கள். மாணவர்கள் படத்தைச் சற்று நேரம் பார்க்கட்டும்.

பிறகு, நிழலிட்ட இடத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். ஜன்னலோரம் காதைக் கொடுத்து நிற்கட்டும். அவன்தான் ‘ஈவ்ஸ்ட்ராப்பர்’. இந்தப் பெயர் 15ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. ‘ஈவ்ஸ்ட்ராப்’ என்ற வினைச்சொல்லோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வருகிறது. இடம், ஆள், செயல் என்ற இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். பொருள் தானே விளங்கும்.

வகுப்பில் பெரியவர்கள் இருந்தால் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன், 1769இல் வெளிவந்த தம் நூலின் நான்காம் தொகுதியில், சுவரடியிலும் ஜன்னலடியிலும் இறவாரத்தின் கீழும் நின்று கேட்டு, அதை வைத்து அவதூறு கட்டுபவர்களைப் பொதுத்தொல்லை என்று வகைப்படுத்துகிறார். அந்தப் பழைய குற்றம் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது.

கடைசியாக ‘ஓவர்ஹியர்’ என்ற சொல்லைப் பக்கத்தில் வையுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். படத்தில் ஒரு தெருவைச் சேர்த்து, அதில் இன்னொருவரை நடக்கவிடுங்கள். வீட்டுக்குள் நடக்கும் பேச்சு அவருக்கும் கேட்கிறது. ஆனால் அவர் கேட்பதற்காக நிற்கவில்லை. அதுதான் ‘ஓவர்ஹியர்’. அந்த மாணவிக்கு நான் முதல் நாள் சொன்ன ‘காதில் விழுதல்’ இந்தச் சொல்லுக்கே உரியது.