குளிர்காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போவது எப்படி? டொராண்டோவிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

டொராண்டோவில் எனக்கு முதல் சைக்கிள் குளிர்காலம். டிசம்பரில் ஒரு நாள், பாவம் பனியில் நிற்கிறதே என்று சைக்கிளை அலுவலகத்துக்குள் தூக்கிக்கொண்டு போய் ஹீட்டர் பக்கத்தில் நிறுத்தினேன். சக்கரத்திலும் ஃப்ரேமிலும் ஒட்டியிருந்த பனி பகல் முழுக்கச் சொட்டுச் சொட்டாக உருகியது. சாயங்காலம் வெளியே மைனஸ் 9. கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கியர் மாற மறுத்தது. பின்பிரேக்கை விட்டாலும் அது சக்கரத்தை விடவில்லை. உருகிய தண்ணீர் கேபிள் உறைக்குள் இறங்கி, வெளிக்காற்று பட்டதும் கட்டியாகியிருந்தது. காலையில் பேசாமல் வெளியிலேயே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

அன்றைக்குப் புரிந்தது, இந்த ஊரில் சைக்கிள்காரனுக்கு எதிரி ஈரம்தான் என்று. குளிரைச் சமாளித்துவிடலாம். சட்டைக்குள் வியர்வை, செயினில் உப்புத் தண்ணீர், சாலையில் உருகி மறுபடி உறைந்த பனி என்று எல்லாத் தொல்லையும் ஈரத்தில்தான் ஆரம்பிக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அதை ஒட்டித்தான்.

படி 1: வழியை முடிவு செய்யுங்கள்

கோடையில் போகும் வழியே குளிர்காலத்துக்கும் சரிப்படும் என்று நினைக்க வேண்டாம். பூங்கா வழியாகவும் ஆற்றோரமாகவும் போகும் அழகான பாதைகளில் பனி வழிப்பது தாமதமாகலாம், சில இடங்களில் வழிக்கவே மாட்டார்கள். நகராட்சி முதலில் கவனிப்பது பெரிய சாலைகளைத்தான்.

என் வழி சுமார் 8 கிலோமீட்டர். டான்ஃபோர்த் சாலையில் வுட்பைன் பக்கம் கிளம்பி, டான் பள்ளத்தாக்கின் மேலிருக்கும் புளூர் வயடக்ட் பாலத்தைக் கடந்து, ஷெர்போர்ன் வீதியில் இறங்கி, கிங் வீதி வரை. கோடையில் 28 நிமிடம். ஜனவரியில் 40 ஆகும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொண்டால் அவசரப்பட்டு விழ வேண்டியிருக்காது.

இந்த வழியில் இன்னொரு வசதி, காலுக்குக் கீழேயே சுரங்க ரயில் ஓடுவது. 1918-ல் வயடக்டைத் திறக்கும்போதே ரயிலுக்கென்று கீழ்த்தளம் ஒன்றை விட்டுக் கட்டியிருந்தார்கள். 1966-ல்தான் அதில் ரயில் ஓடத் தொடங்கியது. வழியில் டயர் பஞ்சராகிறதா, பனிப்புயல் அடிக்கிறதா, சைக்கிளைப் பூட்டிவிட்டு அடுத்த ஸ்டேஷனில் ரயிலைப் பிடித்துவிடுவேன். வார நாட்களில் காலை 6:30 முதல் 10 வரையும் மாலை 3:30 முதல் 7 வரையும் சுரங்க ரயிலில் சைக்கிளை ஏற்ற முடியாது. அதனால் நல்ல பூட்டு கையில் இருக்க வேண்டும். உங்கள் வழியிலும் இப்படி ஒரு மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

இருப்பதில் நல்ல சைக்கிளைக் குளிர்காலத்துக்கு எடுக்காதீர்கள். இங்கே சாலையில் கொட்டும் உப்பு இரும்பைத் தின்றுவிடும். கடற்கரையோர வீட்டு ஜன்னல் கம்பி எந்தக் கதிக்கு ஆளாகும் என்று பார்த்திருப்பீர்கள். அங்கே பல வருடத்தில் நடப்பது இங்கே செயினுக்கு இரண்டு வாரத்தில் நடந்துவிடும். கியர் குறைவான பழைய சைக்கிள் போதும். டிஸ்க் பிரேக் இருந்தால் நல்லது. சக்கர வளையத்தைப் பிடிக்கும் ரிம் பிரேக் ஈரத்தில் வழுக்கும். உப்பும் மணலும் சேர்ந்து ரிம்மையே அறுத்துவிடும்.

காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் டயர். ரப்பரில் டங்ஸ்டன் கார்பைடு ஆணிகள் பதித்த டயர்கள் கிடைக்கின்றன. சுவால்பே நிறுவனத்தின் மாரத்தான் வின்ட்டர் வகையில், பெரிய அளவு டயர் ஒன்றில் 240 ஆணி இருக்கும். காய்ந்த சாலையில் ஓட்டினால் வாணலியில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், பழகிவிடும். புது டயர் போட்டதும் முதல் 40 கிலோமீட்டர் தார்ச்சாலையில் நிதானமாக ஓட்டுங்கள், சடாரென்று பிரேக் போடாதீர்கள். அப்போதுதான் ஆணி ரப்பரில் நன்றாக உட்காரும். ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதை முன்சக்கரத்தில் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுந்த பிறகுதான் விழுந்ததே தெரியும். பனி கிடக்கிற நாளில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் டயர் பரந்து, ஓரத்து ஆணிகளும் தரையைப் பிடிக்கும்.

அடுத்தது மட்கார்டு. முழு நீள மட்கார்டு இல்லாவிட்டால் பழுப்பு நிற உப்புச்சேறு முதுகில் கோடு போட்டுவிடும். செயினுக்கு, ஈரமான சாலைக்கென்று விற்கும் கெட்டி எண்ணெயைப் போடுங்கள். வாரம் ஒருமுறை பழைய பனியன் துணியால் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள்.

விளக்கு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. டிசம்பரில் மாலை ஐந்துக்குள் சூரியன் மறைந்துவிடும். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம். சூரியன் மறைய அரை மணி முன்பிலிருந்து, மறுநாள் உதித்து அரை மணி வரை அது பொருந்தும். மணியும் கட்டாயம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால், போய்ச் சேர்ந்ததும் விளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, அது அறை வெப்பத்துக்கு வந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்.

படி 3: உடுத்துவது

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, அதிகமாக உடுத்துவது. நானும் செய்தேன். பெரிய ஜாக்கெட், உள்ளே ஸ்வெட்டர், அதற்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தி பனியன். முதல் இரண்டு கிலோமீட்டர் சுகமாக இருந்தது. அப்புறம் வியர்த்துக் கொட்டியது. சிக்னலில் நின்றதும் நனைந்த பனியன் முதுகில் ஐஸ் மாதிரி ஒட்டிக்கொண்டது. நம் ஊர் வெயிலில் நம்மைக் காப்பாற்றும் பருத்தி இங்கே நடுவழியில் காலை வாரிவிடும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியோ செயற்கை நூலோ இருக்கட்டும், அதன் மேல் மெல்லிய கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றைத் தடுக்கும் ஒரு மேலுறை. கக்கத்துக்கடியில் ஜிப் வைத்த மேலுறை கிடைத்தால் விடாதீர்கள்.

வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும், இதுதான் அளவு. அங்கேயே கதகதப்பாக இருந்தால் ஒரு சட்டையைக் கழற்றிவிடுங்கள்.

நடக்கிறவரைவிடச் சைக்கிளில் போகிறவருக்குக் குளிர் அதிகம் உறைக்கும், காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோமே. மைனஸ் 10-ல் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு மைனஸ் 18 மாதிரி இருக்கும் என்கிறது கனடாவில் பயன்படுத்தும் கணக்கு. காற்றே அசையாத நாளிலும் அந்த வேகத்தில் மிதித்தால் முகத்துக்குக் கிட்டத்தட்ட அதே கதிதான்.

தலைக்கு நம் மங்கி குல்லாதான். ஊட்டிக்குப் போனால் தாத்தாக்கள் மாட்டுவார்களே, அதேதான், கொஞ்சம் மெல்லியதாக, ஹெல்மெட்டுக்கடியில் அடங்குகிற மாதிரி. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் குல்லாவை மூக்குக்குக் கீழே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் விடுகிற மூச்சு கண்ணாடியில் படிந்து உறைந்துவிடும்.

விரல்தான் முதலில் விறைக்கும். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, விரல்கள் சேர்ந்திருக்கும் உறை சூடு தரும். மைனஸ் 10-க்குக் கீழே ஹேண்டில்பாரிலேயே மாட்டிவிடும் பெரிய உறை இருக்கிறது, அதற்குள் கையை நுழைத்து ஓட்டலாம். இங்கே அதை போகீஸ் என்பார்கள். நம் போகிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இரண்டும் ஞாபகத்துக்கு வருவது ஜனவரியில்தான். காலுக்கு, சாக்ஸின் மேல் சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்காதீர்கள். ரத்த ஓட்டம் குறைந்தால் கால் இன்னும் சில்லிடும். ஒரு சைஸ் பெரிய ஷூவும் ஒரே ஒரு கம்பளி சாக்ஸும் போதும்.

படி 4: ஓட்டும் முறை

முதலில் பனியை அடையாளம் காணப் பழக வேண்டும். நம்மிடம் மார்கழிப் பனிக்கும் இந்த ஊர்ப் பனிக்கும் ஒரே சொல்தான். சைக்கிள்காரனுக்கு அது போதாது.

புதிதாக விழுந்த பொடிப்பனி, ஆழமில்லாதவரை பயமில்லை, மணலில் ஓட்டுகிற மாதிரி கனக்கும், அவ்வளவுதான். உப்பில் கரைந்த சேற்றுப்பனி சக்கரத்தை அங்குமிங்கும் இழுக்கும். கார்கள் மிதித்துத் தடம் பதிந்து, ராத்திரியில் இறுகிப்போனது அதைவிட மோசம். அந்தத் தடத்துக்குள் முன்சக்கரம் மாட்டினால் தண்டவாளத்தில் மாட்டியது போல. எல்லாவற்றிலும் பொல்லாதது கண்ணாடி மாதிரிப் படிந்திருக்கும் பிளாக் ஐஸ். பார்த்தால் ஈரத் தார் மாதிரிதான் தெரியும். முந்தின நாள் மத்தியானம் வெயிலில் உருகி ராத்திரி உறைந்த இடங்கள், கட்டடத்தின் நிழல், பாலங்கள், இங்கெல்லாம் காத்திருக்கும். பாலத்துக்கு அடியிலும் காற்று போவதால் மற்றச் சாலையைவிட முன்னால் உறைந்துவிடும். வயடக்டை நெருங்கும்போதே நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

இன்னொன்று, மைனஸ் 15-ல் கிடக்கும் காய்ந்த பனியைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரப்பனிதான் அதிகம் வழுக்கும். ‘இன்னைக்குக் குளிர் கம்மி’ என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

வழுக்குகிற இடத்தில் சக்கரம் ஏறிவிட்டது என்று தெரிந்தால் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள். பெடலை நிறுத்தி, நேராக மிதக்க விடுங்கள். அந்தத் துண்டைத் தாண்டிய பிறகு பின்பிரேக்கை மெதுவாகப் பிடிக்கலாம். சீட்டை ஓர் அங்குலம் இறக்கி வைத்தால் இரண்டு காலும் சட்டென்று தரையை எட்டும்.

டிராம் தண்டவாளங்களைக் குறுக்கே வெட்டிக் கடக்க வேண்டும். ஷெர்போர்னில் தெற்கே இறங்கும்போது கார்ல்டன், டண்டாஸ், குவீன், கிங் என்று நான்கு இடத்தில் தண்டவாளம் வரும். நேராகப் போனால் தானாகவே செங்குத்தாகக் கடந்துவிடுவோம். திரும்பும்போதுதான் வம்பு. ஒருநாள் குவீன் வீதியில் இடப்பக்கம் சாய்வாகத் திரும்பப் போய், முன்சக்கரம் ஈரத் தண்டவாளத்தில் சறுக்கி, நடுச்சாலையில் உட்கார்ந்தேன். முழங்கை ஒரு வாரம் வலித்தது. பின்னால் வந்த கார்க்காரர் நிறுத்திவிட்டார், புண்ணியவான். இப்போதெல்லாம் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

ஓரமாகக் குவித்த பனி சைக்கிள் பாதையை அடைத்திருந்தால், அதை ஒட்டி ஒடுங்கி ஓட்டாதீர்கள். பின்னால் பார்த்து, கை காட்டி, கார் பாதையின் நடுவுக்கு வந்துவிடுங்கள். முடிந்த இடத்தில் கார்கள் நம்மைத் தாண்டும்போது ஒரு மீட்டர் விட வேண்டும் என்று 2015 முதல் ஒன்டாரியோவில் சட்டம் இருக்கிறது. ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

படி 5: போய்ச் சேர்ந்த பிறகு

சைக்கிளை வெளியிலோ சூடில்லாத ஷெட்டிலோ நிறுத்துங்கள். உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால், திரும்பக் கிளம்பும் முன் நன்றாகத் துடைத்து உலர வைத்திருக்க வேண்டும். பூட்டின் சாவித் துவாரம் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். ராத்திரி பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றாமல் பெடல் மட்டும் வெறுமனே சுற்றுகிறதா? பெடல் வேகத்தைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் ஃப்ரீவீலுக்குள் இருக்கும் கிரீஸ் இறுகிவிட்டது, அல்லது உள்ளே தண்ணீர் உறைந்துவிட்டது. சூடான இடத்தில் உருக வைத்து வீடு போய்ச் சேருங்கள், அப்புறம் கடையில் கொடுத்துப் பழைய கிரீஸைக் கழுவிக் குளிருக்கு ஏற்ற மெல்லிய எண்ணெய் விடச் சொல்லுங்கள்.

படி 6: போகாமல் இருப்பது

இதுவும் ஒரு படிதான். மழை விழுந்த கையோடு உறையும் நாளில் நான் சைக்கிளைத் தொடமாட்டேன். காற்றோடு சேர்ந்து உணரும் குளிர் மைனஸ் 28-ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். என் பயணமே 40 நிமிடம். 2025 பிப்ரவரியில் சில நாட்களுக்குள் அரை மீட்டருக்கு மேல் பனி கொட்டியபோது சைக்கிள் பாதை இருந்த இடமே தெரியவில்லை. அந்த நாட்களில் ரயில்தான். “ஏம்ப்பா, அங்க பஸ்ஸே ஓடாதா?” என்று அம்மா போனில் கேட்பதற்கு அப்போது மட்டும் நிம்மதியாகப் பதில் சொல்வேன்.

ஆரம்பிப்பதற்கு ஜனவரி வரை காத்திருக்காதீர்கள். அக்டோபரிலிருந்து விடாமல் ஓட்டினால் உடம்பு தானாகப் பழகும், எந்தக் குளிருக்கு எந்தச் சட்டை என்பதும் பிடிபடும். முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கார் இல்லாத நேரமாகப் பார்த்து, அலுவலகம் வரை ஒருமுறை போய்வந்துவிடுங்கள். காலியான பார்க்கிங் ஒன்றில் வேண்டுமென்றே பிரேக் பிடித்து வழுக்கிப் பாருங்கள். ஏப்ரலில் நல்ல மழை ஒன்று பெய்து சாலை உப்பு கழுவிப் போன பிறகு ஆணி டயரைக் கழற்றுங்கள். செயினைப் பார்க்கவே வேண்டாம், புதுசு மாற்றிவிடுங்கள்.