பழைய மைவியை மறுபடியும் ஆசையோடு ஓட்ட: காசை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

பினாங்கில் எந்தத் தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதி) நுழைந்தாலும் நாலு வீட்டுக்கு ஒரு பழைய மைவி நிற்கும். 2005-இல் வந்த முதல் தலைமுறை பெரொடுவா மைவி காரைச் சொல்கிறேன், 1.3 எஞ்சின் போட்டது. அப்பா வேலைக்கு ஓட்டி, அப்புறம் அம்மா மார்க்கெட்டுக்கு ஓட்டி, இப்போது பிள்ளை கைக்கு வந்திருக்கும். புதுக் கார் வாங்கி ஒன்பது வருடம் லோன் கட்ட மனமில்லை, ஆனால் இருக்கிற காரை ஓட்டினால் ஒரு சந்தோஷமும் இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எஞ்சினைத் தொடாதீர்கள், ரப்பரிலிருந்து ஆரம்பியுங்கள்.

காரணம் இருக்கிறது. இந்தக் கார் ஒரு டன் எடைகூட வராது. 1298 சிசி எஞ்சின் எண்பது சொச்சம் குதிரைத்திறன் கொடுக்கிறது, அந்த எடைக்கு அது போதும். புதிதாக வந்தபோது தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகிற வளைவுகளில் இது அழகாகத் திரும்பிய கார். இத்தனை வருடத்தில் எஞ்சின் இழந்தது கொஞ்சம்தான். புஷ் ரப்பர் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர்) இறுகி வெடித்துவிட்டது, குலுக்கலை அடக்கும் அப்சோர்பரிலிருந்து எண்ணெய் ஒழுகிவிட்டது, டயரோ கடையில் இருந்ததிலேயே மலிவானது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்புகிறது, அந்தத் தாமதத்தைத்தான் நாம் ‘பழைய கார்தானே’ என்று விட்டுவிடுகிறோம். அதை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வீரா, வாஜா, சாகா, வீவா என்று நம் நாட்டுப் பழைய கார் எதை வைத்திருந்தாலும் கதை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

முதலில் ஒரு நல்ல போமேனிடம் (மெக்கானிக்) காரை மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கை) புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், ஸ்டெபிலைசர் லிங்க், அப்சோர்பர், அப்சோர்பருக்கு மேலே இருக்கும் மவுண்டிங், பின்பக்க ஆக்ஸில் புஷ், இவ்வளவையும் இரும்புக் கம்பி வைத்து நெம்பிப் பார்த்தால் எது போயிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். ‘எல்லாத்தையும் மாத்திடலாம்’ என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். ‘எது போயிருக்கு, காட்டுங்க அண்ணே’ என்று கேளுங்கள். நல்ல போமேன் கோபித்துக்கொள்ள மாட்டார், டார்ச் அடித்துக் காட்டுவார். எஞ்சின் மவுண்டிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஆட்டோ காரில் டி-யில் போட்டு சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் நடுங்கினால் சந்தேகம் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

புஷ் மாற்றும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள், இதைப் பல கடைகளில் அவசரத்தில் செய்வதில்லை. லோயர் ஆர்மின் போல்ட்டைக் கார் அந்தரத்தில் தொங்கும்போதே முழுசாக இறுக்கக்கூடாது. கார் தரையில் நிற்கிற நிலைக்கு ஆர்மைக் கொண்டுவந்து, அதன் மேல் எடை இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் புது ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். ‘கீழே இறக்கிட்டு டைட் பண்ணுங்க’ என்று சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும்.

அப்சோர்பர் மாற்றினால் முன்னால் இரண்டு அல்லது பின்னால் இரண்டு என்று ஜோடியாகவே மாற்றுங்கள், முடிந்தால் நாலும். கார் கம்பெனி போட்டுக் கொடுத்த அளவிலேயே, கொஞ்சம் இறுக்கமான வகை கிடைக்கும், குடும்பக் காருக்கு அது போதும். நாலும் சேர்த்து பிராண்டைப் பொறுத்து 500-லிருந்து 900 வெள்ளி (ரிங்கிட்) வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், கூலி தனி. பழைய காரில் வேறெதற்குச் செலவு செய்தாலும் இவ்வளவு வித்தியாசம் தெரியாது, டயரைத் தவிர.

இங்கேதான் பலருக்குக் காரை இறக்க ஆசை வரும். ஸ்பிரிங்கை வெட்டவே வெட்டாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங்கின் முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது, பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கும்போது இடம் மாறிவிடும், அது நேராக உயிருக்கே ஆபத்து. லோயர் ஸ்பிரிங் என்று தனியாக விற்பதை அப்சோர்பருக்குப் பொருத்தமாகப் போடலாம்தான். ஆனால் நம் தாமான்களில் வீட்டுக்காரர்களே போட்டுக்கொண்ட உயரமான பொங்கோலை (வேகத்தடை) நினைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு அம்மா, அத்தை, இரண்டு பிள்ளைகள், பால்குடச் சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலைக்குப் போகும்போது பின்பக்கம் அடிமட்டத்தில் இடித்துக்கொண்டே போனால் வீட்டில் யாரும் உங்கள் காரில் ஏற மாட்டார்கள். நான் உயரத்தை அப்படியே விடுவேன்.

சரி, டயர். மைவி 1.3-க்கு வந்த அளவு 175/65 ஆர்14. அந்த அளவிலேயே நல்ல டயர் போட்டாலே கார் மாறிவிடும், ரிம் மாற்ற வேண்டிய கட்டாயமே இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸ்போர்ட் ரிம்முக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்துவிட்டு மிச்சக் காசில் பெயர் தெரியாத டயரைச் சுற்றி விடுகிறவர்கள் அதிகம். சாலையைத் தொடுவது ரிம் இல்லை. மதியம் மூன்று மணிக்குக் கொட்டுகிற மழையில் பினாங்குப் பாலத்தில் பிரேக் அடிக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது உள்ளங்கை அளவு ரப்பர் நாலு இடத்தில் சாலையைத் தொடுகிறதே, அது மட்டும்தான். ஈரச் சாலையில் பிடிமானம் எப்படி என்று கேட்டு, அதை முதல் தகுதியாக வைத்து வாங்குங்கள். எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்பது அடுத்த கேள்வி.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், பாருங்கள். 2224 என்றால் 2024-ஆம் வருடத்தின் 22-ஆவது வாரத்தில் செய்தது. தள்ளுபடி என்று சொல்லிப் பல வருடம் கிடங்கில் கிடந்ததைத் தலையில் கட்டப் பார்த்தால் இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். செக்கன் ஹேண்ட் டயர் குடும்பக் காருக்கு வேண்டாம், விலை எவ்வளவு இனித்தாலும் சரி.

ரிம்மும் மாற்றியே ஆக வேண்டும் என்றால் 15 அங்குலத்தோடு நிறுத்துங்கள். 175/65 ஆர்14-இன் மொத்த விட்டம் 583 மில்லிமீட்டர், 185/55 ஆர்15 போட்டால் 584 அல்லது 585, ஆகவே ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியரின் இழுவையும் மாறாது. டயரின் பக்கச்சுவர் குட்டையாவதால் ஸ்டியரிங் கூர்மையாகும், ஆனாலும் பள்ளத்தைத் தாங்க ரப்பர் மிச்சம் இருக்கும். 16, 17 என்று போனால் ரிம் கனம் கூடும், எண்பது குதிரை எஞ்சின் அந்தக் கனத்தைச் சுற்றவே திணறும். மைவிக்கு நாலு போல்ட், 100 மில்லிமீட்டர் பிசிடி (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்). ரிம்மைக் கையில் தூக்கிப் பாருங்கள், இரண்டு ரிம்மில் எது இலேசோ அதை எடுங்கள். ஜப்பான் தரத்துக்கு வார்த்தது என்றால் ஜேடபிள்யூஎல் முத்திரை இருக்கும், வெடிப்பு ஒட்டவைத்த செக்கன் ஹேண்ட் ரிம்மா என்று உள்பக்கமும் திருப்பிப் பாருங்கள். ரிம்மின் நடுத்துளை காரின் ஹப்பைவிட (ரிம் உட்காரும் நடுப்பகுதி) பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் கேளுங்கள், அது இல்லாமல் ஹைவேயில் ஸ்டியரிங் ஆடிக்கொண்டே இருக்கும், டயர் கடைக்காரரோ பேலன்சிங்கைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார். டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டக்கூடாது, ஜே.பி.ஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சாலைத் தடுப்பில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது). முன்னாடியே செய்தால் காசு வீண். முடிந்ததும் எண்கள் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள், இடமும் வலமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

பிரேக்குக்குப் பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் காலிப்பர் எல்லாம் இந்தக் காருக்குத் தேவையே இல்லை. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர் வெக்கையில் சொல்லவே வேண்டாம். ஈரம் ஏறிய எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும், கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் காரணம் அதுவாக இருக்கலாம். டாட் 4 எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுங்கள். முன்னால் ஒரு நல்ல பிராண்ட் பேட். ரேஸ் பேட் வேண்டாம், அது சூடானால்தான் பிடிக்கும், காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் முதல் சிக்னலில் அது பிடிக்காது. பின்னால் டிரம்மைத் திறந்து தூசி துடைத்து ஷூவைச் சரிசெய்தால் பெடல் மேலே வரும், ஹேண்ட்பிரேக்கும் சீக்கிரம் பிடிக்கும். மலையிறங்கும்போது கியரைக் குறைத்து இறங்குவது இலவசம், அதையும் பழகுங்கள்.

எஞ்சினைத் தொடாதீர்கள் என்றேன், சர்வீஸ் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி கழுவுவது, எஞ்சின் எண்ணெய், கூலண்ட், ஆட்டோ என்றால் கியர் எண்ணெய், இவை எப்போது மாற்றியது என்றே தெரியாத கார்கள்தான் அதிகம். குழாய்த் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர் உள்ளே துருவைச் சேர்க்கும், ஒருமுறை சுத்தமாகக் கழுவி கூலண்ட் ஊற்றிவிடுங்கள். ரோன் 95 பெட்ரோல் போதும், 97 ஊற்றினால் இந்த எஞ்சினுக்குப் புதுச் சக்தி வந்துவிடாது. காளான் மாதிரி திறந்த ஏர் ஃபில்டர் போட்டால் சத்தம் வரும், கூடவே ஜெலுத்தோங் நெரிசலில் எஞ்சினின் சூடான காற்றையே அது திரும்ப உறிஞ்சும், இழுவை குறையும்.

எக்ஸாஸ்டைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பானவன். பெரிய குழாய் போட்டுச் சத்தத்தை ஏற்றினால் சம்மன் வரும், தாமானில் கைக்குழந்தை வைத்திருக்கிற வீட்டுக்காரர் சபிப்பார், உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கே தலைவலி வரும். அந்தக் காசில் டயரை ஒரு படி உயர்த்தலாம். ஹாஃப்கட் எஞ்சின் (வெட்டிய பழைய காரிலிருந்து எடுத்தது) மாற்றுவது வேறு உலகம், அதற்கு ஜே.பி.ஜே அனுமதி, புஸ்பாகோம் வாகனச் சோதனை, கிராண்ட்டில் (வாகனப் பதிவுச் சான்று) எஞ்சின் எண் திருத்தம், இன்சூரன்ஸ் என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது, மலிவான வழி என்று இதைச் சொல்ல முடியாது. சின்ன மாற்றமாக இருந்தாலும் இன்சூரன்ஸ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், விபத்துக்குப் பிறகு வாதாடுவதைவிட அது எளிது.

ஸ்ட்ரட் பார் (முன்பக்க இரண்டு அப்சோர்பர்களின் மேல்முனைகளையும் இணைக்கும் கம்பி) பற்றிக் கேட்பீர்கள். நம் நாட்டிலேயே அல்ட்ரா ரேசிங் செய்கிறார்கள், மைவிக்கும் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம். வளைவில் முன்பக்கம் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும். ஆனால் போன புஷ்ஷை வைத்துக்கொண்டு இதை மாட்டினால் ஒன்றும் தெரியாது, ஆகவே கடைசியில் வாங்குங்கள்.

காசு மிச்சம் இருந்தால் உடம்பு தொடுகிற இடங்களில் போடுங்கள். பளபளத்து வழுக்குகிற ஸ்டியரிங்குக்குக் கையால் தைக்கிற தோல் உறை. ஸ்டியரிங்கையே மாற்றாதீர்கள், ஏர்பேக் இருக்கும் காரில் அது போய்விடும். ஓட்டுநர் இருக்கையின் ஸ்பாஞ்ச் அமுங்கியிருந்தால் குஷன் கடையில் புதிதாக வைத்துத் தைக்கலாம், இருக்கையில் உறுதியாக உட்கார்ந்தால்தான் கார் என்ன செய்கிறது என்று முதுகுக்குத் தெரியும். மேனுவல் கார் என்றால் கியர் கம்பியின் புஷ்களை மாற்றுங்கள், சில வெள்ளிக்கு கியர் மாற்றுவதே ஒரு சுகமாகிவிடும். கதவுக்குள் அதிர்வு தாங்கும் பியூட்டைல் ஷீட் ஒட்டி, முன்னால் மட்டும் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி போட்டால், ராஜா பாட்டு ஓடும்போது பின்னால் இருக்கிறவர்களும் சந்தோஷப்படுவார்கள். மஞ்சளித்த ஹெட்லைட்டை 1000, 2000 நம்பர் மணல்தாளில் ஈரமாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயில் தாங்கும் பூச்சு அடித்துவிடுங்கள். இரவு ஓட்டத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும், எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும் எல்இடி பல்பும் தேவைப்படாது.

கையில் 1500 வெள்ளிதான் என்றால் போன புஷ், டயர், அலைன்மென்ட், பிரேக் எண்ணெய், இந்த நாலோடு நிறுத்துங்கள். அடுத்த போனஸில் அப்சோர்பர். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

முடிந்ததும் ஒரு ஞாயிறு காலை சீக்கிரமே கிளம்பி பத்து ஃபெரிங்கி வழியாக பாலிக் பூலாவ் போய் வாருங்கள். வேகம் வேண்டாம், அந்தச் சாலையில் சைக்கிள்காரர்கள் கூட்டமாக வருவார்கள், டுரியான் சீசனில் வளைவுக்கு வளைவு கார்கள் நிற்கும், குரங்கும் குறுக்கே வரும். நாற்பது, ஐம்பதில் போனாலே கார் சொன்னபடி திரும்புவது கையில் தெரியும். ரிம் கழற்றி மாட்டியிருந்தால் முதல் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஏதாவது மூலையில் ‘டொக்’ என்று சத்தம் கேட்டால் எந்தப் பக்கம், எப்போது, பிரேக் அடிக்கும்போதா திருப்பும்போதா என்று குறித்துக்கொண்டு போமேனிடம் சொல்லுங்கள், அவருக்குத் தேடுகிற நேரம் மிச்சமாகும்.