எஞ்சின்எக்ஸா, அப்பாச்சியா: செயலியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

ஒரு வலைச் செயலியைச் சர்வரில் ஏற்றும்போது, எஞ்சின்எக்ஸ் (Nginx), அப்பாச்சி (Apache) ஆகிய வெப் சர்வர்களில் (கோரிக்கைகளை ஏற்றுப் பதில் அனுப்பும் மென்பொருள்களில்) எது வேகமானது என்று தேடுவதைவிட, அந்தச் செயலி எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் பார்ப்பது நல்லது. எச்டிஅக்சஸ் (.htaccess) கோப்புகளை, அதாவது ஒரு கோப்புறைக்கு உரிய சர்வர் விதிகளை அதனுள்ளேயே எழுதிவைக்கும் கோப்புகளை, நம்பியிருக்கும் பிஎச்பி செயலிக்கு, 1995 முதல் புழக்கத்தில் உள்ள அப்பாச்சியே எளிது. ஆனால் அந்தக் கோப்புகளை அது ஒவ்வொரு கோரிக்கையின்போதும் தேடிப் படிக்கிறது. ஆகவே சர்வர் முழுவதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், அவ்விதிகளை முதன்மை அமைப்புக் கோப்புக்கு மாற்றிவிடுங்கள்.

பைத்தானிலோ நோடிலோ எழுதப்பட்ட செயலி தனக்கென ஒரு போர்ட்டில் (இணைப்பு எண்ணில்) இயங்குவதால், அதன் முன்னால் எஞ்சின்எக்ஸை ரிவர்ஸ் பிராக்ஸியாக (கோரிக்கைகளை முதலில் வாங்கிச் செயலிக்கு அனுப்பும் இடையாளாக) நிறுத்துவதையே நான் விரும்புவேன். அப்போது செயலி 127.0.0.1 என்னும், அதே கணினிக்குள்ளிருந்து மட்டும் எட்டக்கூடிய முகவரியில் மட்டும் இயங்குமாறு அமைக்க வேண்டும்; இல்லாவிட்டால், ஃபயர்வால் தடுக்காத நிலையில், எஞ்சின்எக்ஸில் நீங்கள் எழுதிய பாதுகாப்பு விதிகளைத் தாண்டி எவரும் நேராக உள்ளே வரலாம்.

பலரைக் குழப்புபவை இயல்புநிலை மதிப்புகளே. கோரிக்கையின் அளவு 1 எம்பியைத் தாண்டினால் எஞ்சின்எக்ஸ் 413 (கோரிக்கை மிகப் பெரியது) என்ற பிழையைத் தரும். செயலியிடமிருந்து 60 வினாடிகள் எதுவும் வராவிட்டால் 504 (உரிய நேரத்தில் பதில் வரவில்லை) என்ற பிழையைத் தரும். முதல் வரம்பைத் தேவைக்கேற்ப உயர்த்தலாம். இரண்டாவதை உயர்த்துவதற்கு முன், செயலி ஏன் இவ்வளவு தாமதிக்கிறது என்று லாக் கோப்பில் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு டேட்டாபேஸ் வினவலில்தான் இருக்கும். மாற்றியமைத்த கோப்பை எஞ்சின்எக்ஸின் சோதனைக் கட்டளையால் சரிபார்த்த பின், ரீஸ்டார்ட் செய்யாமல் ரீலோடு செய்தால், நடந்துகொண்டிருக்கும் கோரிக்கைகள் இடையில் அறுபடா.